ஒற்றைக் கற்றையின் குவாண்டம் தன்மையும் இரு கற்றைகளின் பின்னலும் ஒன்றுதானா?

கயல்விழி:

எம்.எஸ்சி. இறுதியாண்டு மாணவி நான். குவாண்டம் ஒளியியல் தாளில் இரண்டு அத்தியாயங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமலே உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று, செவ்வியலுக்கு அடங்காத ஒளி. ஆன்டிபஞ்சிங் (ஃபோட்டான்கள் இடைவெளி விட்டு வருவது), ஸ்க்வீஸ்டு ஒளி (ஒரு பக்க இரைச்சல் அழுத்தப்பட்ட ஒளி), பி சார்பு (ஒளியை லேசர் அலைகளின் கலவையாக எழுதும் பரவல்) எதிர்மறையாவது எல்லாம் அதில் வருகின்றன. பேச்சு முழுக்க ஒரே ஒரு கற்றையைப் பற்றியது. இன்னொன்று குவாண்டம் பின்னல் (entanglement), அதாவது தனித்தனி நிலைகளாகப் பிரித்து எழுத முடியாதபடி இரண்டு அமைப்புகள் இணைந்திருப்பது. அங்கே எப்போதும் இரண்டு துகள்கள், இரண்டு பேர், பெல் சமனின்மை (செவ்வியல் ஒட்டுறவு தாண்ட முடியாத எல்லை).

என் கேள்வி இதுதான். இரண்டு புலங்களுக்கு நடுவே செவ்வியலால் விளக்க முடியாத ஒட்டுறவு இருந்தால், அவை பின்னியிருக்கின்றன என்று சொல்லிவிடலாமா? மறுபக்கமாக, ஒரே ஒரு கற்றையின் குவாண்டம் தன்மைக்கும் பின்னலுக்கும் நேரடித் தொடர்பு உண்டா? ஹேன்பரி பிரவுன் - ட்விஸ் சோதனையில் நட்சத்திர ஒளியே இரண்டு டிடெக்டர்களில் ஒட்டுறவு காட்டுகிறது. அதைப் படித்ததிலிருந்து எல்லைக்கோடு எங்கே என்றே பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.

அலையெண்:

நல்ல கேள்வி. நட்சத்திர ஒளியிலிருந்தே தொடங்கலாம், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1956இல் ஹேன்பரி பிரவுனும் ட்விஸ்ஸும் பாதரச விளக்கின் ஒளியை அரைவெள்ளி பூசிய கண்ணாடியில் இரண்டாகப் பிரித்து, இரண்டு ஃபோட்டோமல்டிப்ளையர்களில் விழச் செய்தார்கள். ஒன்றில் ஒளி கூடும்போது மற்றதிலும் கூடியது. அதே ஆண்டில் சிரியஸ் நட்சத்திரத்தின் கோண விட்டத்தையும் இந்த வழியில் அளந்தார்கள். ஆனால் இதற்கு குவாண்டம் விளக்கம் கட்டாயமில்லை. வெப்ப ஒளியின் செறிவு தானாகவே ஏறி இறங்குகிறது. கண்ணாடி அந்த ஏற்ற இறக்கத்தை, ஒரே கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து இரு முகவரிக்கு அனுப்புவதுபோல, இரண்டு பக்கமும் அனுப்புகிறது. ஜி2(0) என்று எழுதுகிறோமே, இரண்டு டிடெக்டர்களும் ஒரே நேரத்தில் சொடுக்குவதைத் தற்செயலோடு ஒப்பிடும் அளவு, அது வெப்ப ஒளிக்கு 2, லேசருக்கு 1. செவ்வியல் புலம் எதுவானாலும் அது 1க்குக் கீழே போகாது. ஓர் எண்ணின் வர்க்கத்தின் சராசரி, சராசரியின் வர்க்கத்தைவிடக் குறையாது என்பதைத் தவிர இதில் வேறு ரகசியம் இல்லை.

இதை முதலில் உடைத்துக் காட்டியவர் கிளாசர். 1974இல், அணு அடுக்கடுக்காக உமிழும் இரண்டு ஃபோட்டான்களை வைத்து, செவ்வியல் புலம் கீழ்ப்படிய வேண்டிய காஷி - ஸ்வார்ட்ஸ் சமனின்மை மீறப்படுவதைக் காட்டினார். 1977இல் கிம்பிள், டாகெனைஸ், மாண்டல் மூவரும் சோடியம் அணுக்களின் ஒளிர்வை எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஃபோட்டான் வந்த கையோடு அடுத்தது வரும் வாய்ப்பு குறைந்திருந்தது, நேரம் போகப் போக ஏறியது. செவ்வியல் ஒளியில் இப்படி ஏற முடியாது. காரணம் எளிது: உமிழ்ந்த அணு அடிநிலைக்கு வந்துவிட்டது, மறுபடி கிளர்ந்த பிறகுதான் அடுத்த ஃபோட்டானைத் தர முடியும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒற்றைக் கற்றையின் ஜி2வை எப்படி அளக்கிறோம்? பீம் ஸ்ப்ளிட்டரில், அதாவது அந்த அரைவெள்ளிக் கண்ணாடி போன்ற ஒன்றில், இரண்டாகப் பிரித்துத்தான். 1986இல் கிரான்ஜியர், ரோஜர், ஆஸ்பே செய்ததும் அதுதான். இரண்டு டிடெக்டர்களும் சேர்ந்து சொடுக்கும் அளவு, செவ்வியலில் 1க்குக் குறையக்கூடாது, அவர்களுக்கு 0.18 வந்தது. அந்த நேரத்தில் இரண்டு கைகளிலும் (பிரிந்து போகும் இரண்டு பாதைகளிலும்) இருந்த நிலையை எழுதிப் பாருங்கள். ஃபோட்டான் இடக்கையில் இருக்கும் நிலையும் வலக்கையில் இருக்கும் நிலையும் மேற்பொருந்தியது: |1,0⟩ + |0,1⟩. இரண்டு புல மோடுகளின், அதாவது ஒளி இருக்கக்கூடிய இரண்டு தனித்தனி அலைவடிவங்களின், பின்னல் நிலை அது. ஒற்றைக் கற்றையின் குவாண்டம் தன்மையை அளக்க வைத்த கருவியே பின்னலையும் உண்டாக்கிவிட்டது. நீங்கள் தேடும் பாலம் இந்தக் கண்ணாடித் துண்டுதான்.

கயல்விழி:

நன்றி சார். ஆனால் இங்கே இருப்பது ஒரே ஒரு ஃபோட்டான். அது எதோடு பின்னியிருக்கிறது? வெற்றிடத்தோடா? அப்புறம், டிடெக்டர்கள் சேர்ந்து சொடுக்கவில்லை என்பது மட்டும் பின்னலுக்குச் சான்றாகுமா?

சந்துரு:

இரண்டாவது கேள்வியை நானும் வலுவாகக் கேட்கிறேன். ஃபோட்டான் பாதி தடவை இடக்கை, பாதி தடவை வலக்கை என்று யாரோ சீட்டுப் போட்டு அனுப்பினாலும் இதே சொடுக்குகள்தான் கிடைக்கும். அதில் பின்னல் துளியும் இல்லை. ஆக, சொடுக்குகளின் எதிர் ஒட்டுறவு ஒளி செவ்வியல் அல்ல என்று சொல்லும், பின்னல் என்று சொல்லாது.

முதல் கேள்வியிலும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இடக்கை, வலக்கை என்று பார்க்காமல் இரண்டையும் கூட்டிய மோடு, கழித்த மோடு என்று பார்த்தால், ஒரு மோடில் ஒரு ஃபோட்டான், இன்னொன்றில் வெற்றிடம். வெறும் பெருக்கல் நிலை, ஒவ்வொன்றுக்கும் தனி நிலை. பார்க்கும் விதத்தை மாற்றினால் மறைந்துபோகும் ஒன்றை எப்படி ஒரு வளமாக எடுத்துக்கொள்வது?

அலையெண்:

சீட்டுப் போட்ட கலவை பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. இரண்டையும் பிரித்தறிய, கைகளுக்கு இடையிலான கட்டத்தொடர்பைப் பார்க்க வேண்டும். இரண்டு கைகளையும் மறுபடி ஒரு பீம் ஸ்ப்ளிட்டரில் சேர்த்து, நடுவில் கட்டத்தை மாற்றினால் குறுக்கீட்டு வரிகள் வரும். கலவையில் வராது. கிரான்ஜியர் குழு அதே ஒற்றை ஃபோட்டான்களை வைத்து அந்த வரிகளையும் எடுத்துக் காட்டியது. தூரத்தில் இருக்கும் இரண்டு பேர் தத்தம் கையிலேயே அளந்து பார்க்க வேண்டுமென்றால், டான், வால்ஸ், காலெட் 1991இல் சொன்ன வழி இருக்கிறது: ஒவ்வொருவரும் வலுக்குறைந்த லேசர் ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஹோமோடைன் முறையில் அளப்பது.

மோடைத் திருப்பிப் பார்ப்பது பற்றி: பின்னல் என்பது எப்போதுமே எதற்கும் எதற்கும் என்று பிரித்த பிறகுதான் பொருள் பெறுகிறது. ஃபோட்டானுக்கு மட்டும் வந்த குறை இல்லை இது. இரண்டு எலக்ட்ரான் சுழற்சிகளுக்கும் பொருந்தும். இடக்கை ஒருவரிடமும் வலக்கை தொலைவில் இன்னொருவரிடமும் இருக்கும்போது, கூட்டிய மோடை இருவரில் யாராலும் தனியாகத் தொட முடியாது. பிரிவை முடிவு செய்வது அந்தத் தூரம்தான். நம் விருப்பத்துக்கு அதில் இடமில்லை.

இன்னும் சந்தேகம் இருந்தால், ஒவ்வொரு கையின் முனையிலும் ஃபோட்டானை விழுங்கக்கூடிய அணுக்களை வையுங்கள். ஃபோட்டான் போய்விடும். மிச்சம் இருப்பது, முதல் அணுத்தொகுதி கிளர்ந்தது + இரண்டாவது கிளர்ந்தது என்ற நிலை. இதைப் பின்னல் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. அணுவின் பக்கம் நடந்ததோ தனித்தனியான செயல்கள், அவை பின்னலைப் புதிதாக உண்டாக்காது. ஆகவே அது ஒளியிலேயே இருந்திருக்க வேண்டும். கால்டெக்கில் கிம்பிள் குழு 2008இல் சீசியம் அணுத்தொகுதிகளில் இதைச் செய்தது. ஒளியின் பின்னலை உள்ளே வைத்து, பிறகு வெளியே எடுத்தும் காட்டியது.

கணிதன்:

அலையெண் ஓர் எடுத்துக்காட்டில் சொன்னது பொதுவாகவே உண்மை. இரண்டு பக்கமும் நிரூபணம் சின்னது. இவ்வளவு அடிப்படையான ஒன்றைப் பாடத்தில் விட்டுவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது, அதனால் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

1963இல் கிளாபரும் சுதர்சனும் தந்த பி சார்பு, எந்த ஒளி நிலையையும் ஓரியல் நிலைகளின் (coherent states, லேசர் அலைக்கு நிகரான நிலைகள்) கூட்டாக எழுதித் தருகிறது. பி சார்பு நல்ல நிகழ்தகவுப் பரவலாக இருந்தால், அந்த ஒளி வெவ்வேறு வீச்சும் கட்டமும் கொண்ட லேசர் அலைகளின் கலவைதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இதைத்தான் செவ்வியல் ஒளி என்கிறோம். பி சார்பு எதிர்மறையாகவோ, டெல்டா சார்பைவிட (ஒரே புள்ளியில் குவிந்த பரவல்) மோசமான ஒன்றாகவோ ஆனால் செவ்வியலுக்கு அடங்காதது.

முதல் பக்கம். ஓரியல் நிலையை பீம் ஸ்ப்ளிட்டரில் விட்டால் இரண்டு கைகளிலும் தனித்தனி ஓரியல் நிலைகள் வருகின்றன. பெருக்கல் நிலை. கலவையை விட்டால் பெருக்கல் நிலைகளின் கலவை வரும். பின்னல் இல்லை என்பதன் வரையறையே அதுதான். எனவே செவ்வியல் ஒளியை எத்தனை பீம் ஸ்ப்ளிட்டர், எத்தனை கட்டத் தகடு வழியாக அனுப்பினாலும் பின்னல் பிறக்காது.

மறுபக்கம். ஒரு மோடில் நம் ஒளி, இன்னொன்றில் வெற்றிடம், 50:50 பீம் ஸ்ப்ளிட்டர். வெளியே வருவது பின்னல் இல்லாத நிலை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது பெருக்கல் நிலைகளின் கலவை. இப்போது பீம் ஸ்ப்ளிட்டரைப் பின்னோக்கி ஓட்டினால் ஒரு வாயிலில் வெற்றிடம் திரும்ப வர வேண்டும், கலவையின் ஒவ்வொரு உறுப்பிலும் வர வேண்டும். அதாவது இரண்டு கைகளின் அழிப்புச் செயலிகளை (ஒரு ஃபோட்டானைக் குறைக்கும் கணிதச் செயல்கள்) ஒன்றிலிருந்து ஒன்று கழித்து ஒவ்வொரு பெருக்கல் நிலையின் மேலும் செலுத்தினால் பூஜ்ஜியம் கிடைக்க வேண்டும். முதல் கையின் செயலி முதல் காரணியை மட்டும் மாற்றும், இரண்டாவது இரண்டாவதை மட்டும். அந்த இரண்டு விளைவும் சமமாக இருக்க ஒரே வழி, இரண்டு காரணிகளும் தத்தம் அழிப்புச் செயலியின் ஐகன் நிலைகளாக (செயலியைச் செலுத்தினால் ஐகன் மதிப்பு என்ற ஓர் எண்ணால் பெருக்கப்படுவதைத் தவிர மாறாத நிலைகளாக), அதுவும் ஒரே ஐகன் மதிப்போடு இருப்பது. அழிப்புச் செயலியின் ஐகன் நிலை என்றால் ஓரியல் நிலை. ஆக, உள்ளே விட்ட ஒளி ஓரியல் நிலைகளின் கலவை, அதாவது செவ்வியல் ஒளி. முடிந்தது.

செவ்வியலுக்கு அடங்காத ஒற்றை மோடு எதுவானாலும், வெற்றிடத்தோடு சேர்த்துப் பிரித்தால் பின்னல் கட்டாயம் வரும். செவ்வியலானால் ஒருபோதும் வராது. கிம், சன், பூஷெக், நைட் 2002இல் இந்தத் திசையில் எழுதினார்கள். 2005இல் அஸ்போத், கல்சமிலியா, ரிட்ச் இதையே ஓர் அளவாக்கினார்கள்: ஒரு கற்றை எவ்வளவு குவாண்டம் தன்மை கொண்டது என்பதை, அதிலிருந்து எவ்வளவு பின்னல் எடுக்கலாம் என்று அளப்பது.

சந்துரு:

நிரூபணம் அருமை. அந்த "ஒரே ஐகன் மதிப்பு" என்ற இடத்தைத் தாளில் போட்டுப் பார்த்தபோதுதான் முழுசாகப் புரிந்தது.

ஆனால் கயல்விழியின் முதல் கேள்வி வேறு. இரண்டு கற்றைகள் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றுக்கு நடுவே செவ்வியலுக்கு அடங்காத ஒட்டுறவும் இருக்கிறது. பின்னல் உண்டா? இதற்கு விடை "கட்டாயமில்லை" என்பதுதான். பாதி நேரம் இரண்டு கைகளிலும் வெற்றிடம், பாதி நேரம் இரண்டிலும் ஒவ்வொரு ஃபோட்டான், கட்டத்தொடர்பு எதுவும் இல்லாத வெறும் கலவை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் சொடுக்கினால் வலப்பக்கமும் நிச்சயம் சொடுக்கும். ஒரே கையில் இரண்டு சொடுக்கு வரவே வராது. கிளாசர் பயன்படுத்திய காஷி - ஸ்வார்ட்ஸ் சமனின்மை இங்கே படுமோசமாக மீறப்படுகிறது. பி சார்பும் எதிர்மறை. ஆனாலும் இது பெருக்கல் நிலைகளின் கலவை, பின்னல் பூஜ்ஜியம்.

1987இல் பாரிஸில் ஹைட்மான் குழு இரட்டைக் கற்றைகளின் செறிவு வித்தியாசத்தில் இரைச்சலை ஷாட் நாய்ஸ் (ஃபோட்டான்கள் தற்செயலாக வருவதால் எழும் இரைச்சல்) அளவுக்கு 30 சதவீதம் கீழே கொண்டுவந்தது. செவ்வியலுக்கு அடங்காத ஒட்டுறவுக்கு அது அசைக்க முடியாத சான்று. ஆனால் அந்த எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பின்னலுக்குத் தாவ முடியாது. கட்டத்தையும் அளந்தாக வேண்டும்.

கணிதன்:

ஆமாம், ஒருவழிப் பாதைதான். பின்னிய நிலை எல்லாம் பி சார்பின் கணக்கில் செவ்வியலுக்கு அடங்காதது. அடங்காதது எல்லாம் பின்னியது அல்ல. அதைவிட எளிய சான்று: இரண்டு கைகளிலும் ஒவ்வொரு ஃபோட்டான், |1,1⟩. ஒட்டுறவே இல்லாத பெருக்கல் நிலை, ஆனால் இரு பக்கமும் முழு குவாண்டம். அதை பீம் ஸ்ப்ளிட்டரில் விட்டால் ஹாங் - ஓ - மாண்டல் விளைவு. 1987இல் கண்டது: இரண்டும் சேர்ந்து இப்பக்கம், அல்லது சேர்ந்து அப்பக்கம், |2,0⟩ - |0,2⟩. செவ்வியல் அலைகளில் அந்தப் பள்ளம் பாதி ஆழத்தைத் தாண்டாது. இங்கே கொள்கையளவில் அடிவரை போகும். வெளியே வந்தது பின்னிய நிலை. உள்ளே பின்னல் இல்லை, வளம் மட்டும் இருந்தது.

சந்துரு:

இன்னொரு சிக்கலையும் மேசைமேல் வைக்கிறேன். வெப்ப ஒளியை இரண்டாகப் பிரித்தால் பின்னல் இல்லை என்று சொல்லிவிட்டோம். ஆனால் குவாண்டம் தகவல் துறையில் டிஸ்கார்ட் என்று ஓர் அளவு இருக்கிறது. ஒரு பக்கத்தை அளந்தால் மொத்த ஒட்டுறவில் எவ்வளவு கைநழுவிப்போகிறது என்று பார்ப்பது. 2001இல் ஆலிவியே, சுரெக் ஒரு பக்கமும், ஹெண்டர்சன், வெத்ரல் இன்னொரு பக்கமும் கொண்டுவந்தார்கள். அந்த அளவின்படி, பிரித்த வெப்ப ஒளியிலும் குவாண்டம் ஒட்டுறவு உண்டு. காஸியன் நிலைகளில் (இரைச்சல் மணிவடிவில் பரவும் நிலைகள்) பெருக்கல் நிலையைத் தவிர எல்லாவற்றிலும் டிஸ்கார்ட் பூஜ்ஜியத்துக்கு மேல்தான். நான் சற்றுமுன் சொன்ன |0,0⟩, |1,1⟩ கலவையிலோ டிஸ்கார்ட் பூஜ்ஜியம், பி சார்பு எதிர்மறை. இரண்டு அளவுகோல்களும் நேர் எதிரெதிராகப் பேசுகின்றன. 2012இல் ஃபெராரோ, பாரிஸ் இருவரும் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். இரண்டு கணக்கிலும் செவ்வியல் என்று சொல்லத்தக்க நிலைகள் மிக மிக அரிது.

இது வெறும் கணக்கு விவகாரம் இல்லை. கோஸ்ட் இமேஜிங் விவாதத்தின் அடியில் இருந்ததும் இதே கேள்விதான். 1995இல் மேரிலாந்தில் பின்னிய ஃபோட்டான் இணைகளால் அதைச் செய்தார்கள். பொருளைத் தொட்ட ஒளியை, எந்த இடத்தில் விழுந்தது என்று பிரித்தறியாத டிடெக்டர் வாங்கியது, பொருளைத் தொடாத ஒளியில் உருவம் தெரிந்தது. பின்னல் இல்லாமல் முடியாது என்று நம்பினார்கள். 2002இல் பெனிங்க், பெண்ட்லி, பாய்ட் செவ்வியல் ஒளியாலேயே செய்து காட்டினார்கள். பிறகு வெப்ப ஒளியிலும் வந்துவிட்டது. அங்கே எது குவாண்டம்?

அலையெண்:

என் அனுபவத்தில், இதற்கு ஒரே வழி "இந்த ஒட்டுறவால் மட்டும் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பது. வெப்ப ஒளியில் கோஸ்ட் உருவம் வரும், ஆனால் பின்னணி வெளிச்சம் கூடவே வரும். ஜி2 2ஐத் தாண்டாததால் மாறுபாட்டுத் தெளிவு மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிடும். அதைக்கூட மென்பொருளில் கழித்துவிடலாம் என்பார்கள், சரி. ஆனால் ஒரே ஒளிமூலத்தை வைத்து இடத்தின் ஒட்டுறவையும் உந்தத்தின் ஒட்டுறவையும் எடுத்து, இரண்டு பரவல்களின் பெருக்கம் நிச்சயமின்மை எல்லைக்குக் கீழே போகிறதா என்று பாருங்கள். 2004இல் ரோசெஸ்டர் குழு பின்னிய இணைகளில் அது கீழே போவதைக் காட்டியது. செவ்வியல் ஒளிக்கு அந்த வாசல் திறக்காது.

டிஸ்கார்டின் கணக்கு தவறில்லை. ஓரியல் நிலைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லாததால், அவற்றின் கலவையை அளக்கும்போது தொந்தரவு வருகிறது. டிஸ்கார்ட் அதைப் பிடிக்கிறது. உண்மையான ஒன்றைத்தான் பிடிக்கிறது. ஆனால் புலத்தின் செவ்வியலுக்கு அடங்காத தன்மையைப் பற்றிப் பேசும்போது நான் பி சார்பின் பக்கம்தான் நிற்பேன். பீம் ஸ்ப்ளிட்டரில் பின்னலாக மாறும் சரக்கு அதுதான்.

நித்யா:

ஆய்வகத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் மேசையில் ஃபோட்டான் எண்ணுவது குறைவு, ஸ்க்வீஸ்டு ஒளிதான் அன்றாட வேலை. அந்தப் பக்கம் பாலம் இன்னும் கண்ணுக்குத் தெரியும்.

ஒளியின் இரண்டு குவாட்ரச்சர்களில் (எக்ஸ், பி என்ற, இடமும் உந்தமும் போன்ற இணை அளவுகள்; இந்தப் பி வேறு, பி சார்பு வேறு) ஒன்றின் இரைச்சலை வெற்றிட இரைச்சலுக்குக் கீழே அழுத்துவதுதான் ஸ்க்வீஸிங். முதலில் கண்டது 1985இல் பெல் லேப்ஸில் ஸ்லஷர் குழு. வெற்றிட இரைச்சலை 1 என்று வைத்தால், 10 டெசிபெல் ஸ்க்வீஸிங் என்பது 0.1. இரண்டு ஸ்க்வீஸ்டு கற்றைகளை 90 பாகை திருப்பி ஒரு பீம் ஸ்ப்ளிட்டரில் சேர்த்தால், வெளியே வரும் ஒவ்வொரு கற்றையும் தனியாகப் பார்த்தால் சூடான, இரைச்சல் மிகுந்த ஒளி. ஒன்றின் எக்ஸிலிருந்து மற்றதன் எக்ஸைக் கழித்தால் இரைச்சல் அடங்கிவிடும், பி இரண்டையும் கூட்டினாலும் அடங்கிவிடும். 1935இல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் எழுதிய நிலைக்கு இது மிக அருகில் வருகிறது. 1992இல் ஓ, பெரெய்ரா, கிம்பிள், பெங் இந்த ஒட்டுறவை அளந்தார்கள். 1998இல் ஃபுருசாவா குழு இதை வைத்தே டெலிபோர்ட்டேஷன் (ஒரு ஒளி நிலையை இன்னோர் இடத்தில் மறுபடி உருவாக்குவது) செய்தது. வந்த நிலை மூலத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவில், பின்னல் இல்லாமல் எட்டக்கூடிய உச்சம் 0.5, அவர்களுக்கு 0.58.

பின்னியிருக்கிறதா என்று சோதிப்பதும் நேரடியானது. வெற்றிடத்தில் ஒவ்வொரு குவாட்ரச்சரின் பரவற்படியும் (variance) 1/2 என்று வைத்தால், எக்ஸ் வித்தியாசத்தின் பரவற்படியையும் பி கூட்டலின் பரவற்படியையும் சேர்த்தால் 2க்குக் கீழே வந்தால் பின்னல் உறுதி. 2000இல் டுவான் குழு இதைத் தந்தது. அதே ஆண்டில், அதே இதழில் ஆர். சைமன் தந்த வடிவம் எனக்கு இன்னும் பிடித்தது. ஒரு பக்கத்தின் உந்தத்தை மட்டும் கண்ணாடிப் பிம்பம்போல் குறி மாற்றிப் பாருங்கள். மாற்றிய பிறகும் நிச்சயமின்மை விதி நிலைத்தால் இரண்டு மோடு காஸியன் நிலையில் பின்னல் இல்லை, உடைந்தால் உண்டு. ஒரே ஒரு குறி மாற்றம், மொத்த விடையும் அதில் இருக்கிறது.

சந்துரு இன்னும் கேட்கவில்லை, ஆனால் கேட்பார்: இந்த நிலையின் விக்னர் சார்பு (எக்ஸ், பி இரண்டின் மேலான பரவல்) எங்குமே எதிர்மறை ஆவதில்லையே, பிறகு எப்படிப் பின்னல்? விக்னர் எதிர்மறை என்பது இன்னும் கடுமையான நிபந்தனை. பி சார்பு உடைந்தாலே பின்னலுக்குப் போதும். எக்ஸ், பி மட்டும் அளந்துகொண்டிருந்தால் இந்த நிலையில் பெல் சமனின்மை மீறப்படாது என்பது உண்மை, ஏனென்றால் விக்னர் சார்பே மறைமாறி மாதிரியாக (விளைவுகள் முன்பே முடிவானவை என்ற செவ்வியல் விளக்கமாக) நின்றுவிடும். ஆனால் அதே நிலையில் ஃபோட்டான் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று அளந்தால் மீறல் தெரியும். 1998இல் பனாஷெக், வோட்கீவிச் காட்டியது.

நடைமுறையில் எங்களைக் கொல்வது இழப்பு. ஒளியில் பாதி போய்விட்டால் அந்த இடத்தில் வெற்றிடம் வந்து உட்காரும். 0.1 இருந்தது, பாதி 0.05, வெற்றிடத்தின் பங்கு 0.5, கூட்டினால் 0.55. பத்து டெசிபெல் போட்டு அனுப்பியது 2.6 டெசிபெல்லாக வந்து சேரும். 2016இல் ஹானோவரில் எட்டிய 15 டெசிபெல்லை அனுப்பினாலும் 2.9தான். ஆனால் இதைக் கவனியுங்கள்: எவ்வளவு இழந்தாலும் எண் 1ஐத் தொடுவதில்லை. வெறும் இழப்பு மட்டும் என்றால் குவாண்டம் தன்மை மெலியும், சாகாது. பின்னலும் அப்படியே. அதைச் சாகடிப்பது வெளியிலிருந்து கூடும் வெப்ப இரைச்சல்.

வெற்றிடம்:

புலக் கோட்பாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு முரணைச் சொல்கிறேன். கணிதனின் கணக்கில் வெற்றிடம் என்பது ஓரியல் நிலை, வீச்சு பூஜ்ஜியம். இருப்பதிலேயே சாதுவான செவ்வியல் நிலை. அதிலிருந்து பீம் ஸ்ப்ளிட்டரால் பின்னலை எடுக்கவே முடியாது. ஆனால் சார்பியல் புலத்தின் வெற்றிடத்தை இடது பாதி, வலது பாதி என்று வெட்டினால் இரண்டும் பின்னியிருக்கின்றன. ரீ - ஷ்லீடர் தேற்றம் 1961இலேயே இதற்கான அடித்தளம் போட்டது. 1980களில் சம்மர்ஸும் வெர்னரும் வெற்றிடமே கொள்கையளவில் பெல் சமனின்மையை மீறுகிறது என்று நிறுவினார்கள். எப்படி இரண்டும் சரியாக இருக்க முடியும்?

விடை மோடுகளில் இருக்கிறது. பீம் ஸ்ப்ளிட்டர் அழிப்புச் செயலிகளை அழிப்புச் செயலிகளோடு மட்டும் கலக்கிறது, ஃபோட்டான் எண்ணிக்கை மாறாது. அதனால் வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கும். வெளியைப் பாதியாக வெட்டும்போது அப்படி இல்லை. ஒரு பாதிக்குள் மட்டும் அடங்கிய மோடுகளின் அழிப்புச் செயலியில், முழு வெளியின் அழிப்பும் ஆக்கமும் கலந்தே வருகின்றன. போகோலியுபோவ் மாற்றம் என்பார்கள். நித்யா மேசைமேல் ஸ்க்வீஸிங்குக்கு எழுதும் அதே கணிதம். முடுக்கத்தோடு போகும் பார்வையாளருக்கு வெற்றிடம் இரண்டு பாதிகளின் ஸ்க்வீஸ்டு நிலையாகவே தெரிகிறது. தன் பாதியை மட்டும் பார்ப்பவருக்கு நித்யா சொன்னது போலவே சூடான ஒளி. 1976இல் அன்ரூ கண்ட வெப்பநிலை அதுதான். ஒரு கெல்வின் சூடு உணர வினாடி வர்க்கத்துக்கு சுமார் 2.5 × 10^20 மீட்டர் முடுக்கம் வேண்டும், அதனால் தெர்மாமீட்டரோடு யாரும் போகப்போவதில்லை. ஆனாலும் அதே அமைப்பு ஆய்வக மேசையிலும் தொடுவானத்திலும் நிற்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பைத் தருகிறது.

ஆகவே கணிதனின் தேற்றத்தைச் சொல்லும்போது ஒரு நிபந்தனையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்த மோடுகள், எந்தக் கலக்கல் இலவசம் என்பது முதலில் முடிவாக வேண்டும். ஃபோட்டான் எண்ணிக்கையைக் காக்கும் கலக்கல் மட்டும் இலவசம் என்றால் பி சார்புதான் எல்லைக்கோடு.

கணிதன்:

ஏற்கிறேன். தேற்றத்தின் முதல் வரியிலேயே அது வர வேண்டும்.

கயல்விழி:

எல்லோருக்கும் நன்றி. படித்ததை ஒரு கணக்கில் போட்டுப் பார்த்தேன், சரிதானா என்று சொல்லுங்கள் நித்யா அக்கா. தொடக்கத்தில் சுத்த வெற்றிடம் இல்லை, சராசரி 1 வெப்ப ஃபோட்டான் இருக்கிறது. அப்போது, வெற்றிட இரைச்சலை 1 என்று வைத்தால், இரைச்சல் 3. அதை 3 டெசிபெல் ஸ்க்வீஸ் செய்தால் 1.5, வெற்றிடத்துக்கு மேலேயே நிற்கிறது. பீம் ஸ்ப்ளிட்டரில் எப்படிப் பிரித்தாலும் பின்னல் வராது. 4.8 டெசிபெல்லுக்குக் கொஞ்சம் மேலே போனால்தான் 1க்குக் கீழே இறங்குகிறது. 10 டெசிபெல் என்றால் 0.3.

அந்த 0.3ஐ வெற்றிடத்தோடு 50:50இல் பிரித்து, சைமன் சொன்ன குறி மாற்றத்தைச் செய்தேன். கடைசியில் முடிவு செய்யும் எண் 0.3இன் வர்க்கமூலமாக வந்தது, சுமார் 0.55. அது 1க்குக் கீழே, எனவே பின்னல். பின்னலின் அளவான லாகரிதமிக் நெகட்டிவிட்டி 0.87. உள்ளே விட்ட இரைச்சல் 1ஐத் தாண்டும் அதே புள்ளியில் பின்னலும் மறைகிறது. இரண்டு அத்தியாயமும் ஒரே வரியில் வந்து நின்றதைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்.

நித்யா:

சரியாகத்தான் இருக்கிறது. இப்போது வெற்றிடத்துக்குப் பதிலாக அதே 0.3 கொண்ட இன்னொரு கற்றையை 90 பாகை திருப்பி விடுங்கள். வர்க்கமூலம் போய்விடும், முடிவு எண் 0.3 ஆகவே வரும், நெகட்டிவிட்டி 1.74. இரண்டாவது கற்றை முதலாவதற்குச் சமமாகவே பங்களிக்கிறது. பிறகு இழப்பைச் சேருங்கள். இரண்டு கைகளிலும் சமமான இழப்பு என்றால் அதை பீம் ஸ்ப்ளிட்டருக்கு முன்னாலேயே நகர்த்திவிடலாம்: பாதி போனால் 0.3 என்பது 0.65 ஆகும், அவ்வளவுதான். ஒரு கை பக்கத்திலும் இன்னொரு கை நீண்ட ஃபைபரின் முனையிலும் இருந்தால் அந்தச் சுருக்குவழி கிடையாது. இரண்டு கைகளின் நான்கு குவாட்ரச்சர்களுக்கான நான்குக்கு நான்கு அணியை முழுதாக எழுதித்தான் தீர வேண்டும். ஃபைபர் பக்கம் வெப்ப இரைச்சலையும் கொஞ்சம் கூட்டி, பின்னல் எந்த இடத்தில் அறுகிறது என்று வரைபடம் போடுங்கள். வந்ததும் இங்கேயே பதிவிடுங்கள், எங்கள் அளவீட்டோடு ஒப்பிட எனக்கும் வேண்டும்.